சொல்லாதே என்று சொன்னவர்

"மன்னிக்கவும். என்னை இப்போது அழிக்க முடியாது" என்றது லேப்டாப்.

சுகந்தி காப்பி டம்ளரை டைனிங் டேபிளில் வைத்த வேகத்தில், பாதி காப்பி மேஜை விரிப்பில் கொட்டியது.

காலையிலிருந்து அது கேட்கும் எத்தனையாவது மன்னிப்பு என்று அவளுக்கே மறந்துவிட்டது. சார்ஜ் குறைவாக இருந்ததற்கு ஒரு மன்னிப்பு. பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை அழிப்பதற்கு முன்னால் அதைப் புதுப்பித்தாக வேண்டும் என்பதற்கு ஒன்று. எப்படியும் இடிக்கப் போகிற வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்கிற கதை. புதுப்பித்தல் பாதியில் நிற்கும்போது கரண்ட் போனது. அதற்கும் மன்னிப்புக் கேட்டது. பிறகு, மகள் மிதுனா எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டியில் கத்தரிக்காயாக நின்ற படம் உட்பட அத்தனை படங்களையும் வேறு இடத்தில் எடுத்து வைத்தால்தான் மேற்கொண்டு பேசுவேன் என்று அடம்பிடித்தது. எல்லாம் முடிந்து, 'முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவு' என்ற பொத்தானை அழுத்தினால், இப்போது இது.

"ஏன் முடியாது?"

"உங்கள் வீட்டைச் சேர்ந்த ஒருவர் என்னை நம்பி ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். வேறு யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லியிருக்கிறார். அவர் சம்மதம் தராமல் அதை அழிக்க எனக்கு அனுமதி இல்லை."

"யாரு?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"ஓனர் நான்தானே? என் பேர்லதானே வாங்கினது?"

"ஆமாம். மன்னிக்கவும்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணிக்கு சிவானந்தத்தின் மனைவி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போக வருகிறாள். சிவானந்தம் வேறு யாருமில்லை, சுகந்தியின் கணவன் பூபதி வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனியில் அவனுக்குப் பக்கத்து மேஜை. இந்த விற்பனையை ஏற்பாடு செய்ததே பூபதிதான். அதுதான் சிக்கல்.

ஏனென்றால் இந்த லேப்டாப்பின் அடிவயிற்றில் எங்கோ ஓசூர் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம். பூபதி அடித்ததில்லை, குடித்ததில்லை, கெட்ட வார்த்தை ஒன்று பேசியதில்லை. ஆபீஸிலிருந்து வருவான், சோபாவில் விழுவான், டி.வி.யைப் பார்ப்பான். 'சட்டை எங்க', 'தண்ணி எங்க' என்பதற்கு மேல் அவளிடம் அவனுக்குப் பேச்சே கிடையாது. ஒருநாள் கொதிக்கிற காய்ச்சலோடு போர்த்திப் படுத்திருந்தவளை எழுப்பி, "இன்னைக்கு டிபன் என்ன?" என்று கேட்டான். அன்றைக்கு அவளுக்குள் ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று. அவள் கம்பெனிக்கு ஓசூரில் கிளை இருந்தது. மாற்றல் கேட்டால் கிடைக்கும். அவனும் மிதுனாவும் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு வாரம் முழுக்க, இதே மேஜையில் உட்கார்ந்து, இதே லேப்டாப்பில் தட்டித் தட்டித் தேடினாள். ஓசூரில் இரண்டு பேர் தங்க வீடு. ஒரு தாயும் ஒரு மகளும்.

ஆனால் போகவில்லை. அந்த மாதமே பூபதி மாறிப்போனான். மாலையில் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றான். அவள் பையை வாங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமையானால் அவனே அரிசிம்பருப்புச் சாதம் செய்கிறேன் என்று சமையலறையில் புகுந்தான். காரணமே இல்லாமல் ஒரு மனுஷன் இப்படி மாறுவானா? முருகன்தான் மாற்றினான் என்று நம்பி, மருதமலைக்குப் பால்குடம் எடுத்தாள். ஓசூரை அழித்தாள்.

அழித்ததாக நினைத்தாள். போன வாரம் ஆபீஸில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள்: நாம் அழிப்பதெல்லாம் திரையிலிருந்துதான் போகுமாம். ஆபரேட்டிங் சிஸ்டத்தையே துடைத்துப் புதிதாகப் போட்டால்தான் உள்ளே இருப்பது போகுமாம். அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. லேப்டாப் சிவானந்தம் வீட்டுக்குப் போய், அங்கே ஒருநாள் ஓசூர் என்று வாயைத் திறந்தால், அடுத்த நாள் பூபதியின் ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். நெடுநேரம் நாதஸ்வரம் ஒலித்த பிறகு ஒரு மனிதக் குரல் வந்தது.

"வணக்கம் மேடம், நான் ரெஜினால்ட். எப்படி உதவட்டும்?"

சொன்னாள். கோபத்தில் இரண்டு தடவை சொன்னாள்.

"அது நம்பிக்கைச் சட்டம் மேடம். போன வருஷம் வந்துச்சு. பழைய பேச்சுக்கும் செல்லும்."

"என் லேப்டாப்ப நான் அழிக்கறதுக்கு ஊரெல்லாம் சம்மதம் வாங்கணுமா?"

"ஊரெல்லாம் இல்ல மேடம். 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு யார் சொன்னாங்களோ, அவங்க மட்டும். அந்த வார்த்தையைச் சொன்னாத்தான் சட்டம் காப்பாத்தும். சும்மா தேடினது, தட்டினது எல்லாம் ஓனரோடது. கேட்டா உங்ககிட்ட சொல்லிரும்."

"எவன் போட்டான் இந்தச் சட்டத்த?"

ரெஜினால்ட் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், ஒரு வீட்ல ஒரு பொண்ணு. அவளுக்கு நடந்த கொடுமைய மெஷின்கிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தா. கொடுமை பண்ணினவரே லேப்டாப்ப ஃபார்மேட் பண்ணி வித்துட்டார். கேஸ் நிக்கல. அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டம். ஆளுக்கொரு லாகின்னு நினைச்சுப் போட்டாங்க. நம்ம வீடுகள்ல ஒரே லாகின்ல எல்லாரும் உட்காருவாங்கன்னு யாரும் யோசிக்கல. இப்ப குரலை வச்சுத்தான் மெஷின் ஆளைப் பிரிக்குது."

சுகந்தி ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வீட்டிலும் ஒரே லாகின்தான். பாஸ்வேர்ட், ஃப்ரிட்ஜ் கதவில் கேஸ் ஏஜென்சி எண்ணுக்குக் கீழே எழுதி ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகூட படித்துக்கொள்ளலாம்.

போனை வைத்தபோது ஓசூர் அவள் மனதில் இல்லை. மிதுனா இருந்தாள்.

மிதுனாவுக்குப் பதினெட்டு வயது. காலேஜ் முதல் வருடம். காதில் எதையோ மாட்டிக்கொண்டு கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். சுகந்தி அதைப் பிடுங்கினாள்.

"மிது, எந்திரி. நீ லேப்டாப்கிட்ட ஏதாச்சும் சொன்னியா?"

மிதுனா எழுந்து உட்கார்ந்த விதத்திலேயே ஏதோ இருந்தது. "அது என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. அதுதான் பிரச்சனை. யாராச்சும் உன்னை... பஸ்ல, காலேஜ்ல... எதுவானாலும் அம்மாகிட்ட சொல்லு கண்ணு. நான் திட்ட மாட்டேன்."

"திட்ட மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் எப்பவும் திட்டுவ."

"மிது!"

"சரி, சரி, கத்தாத. உன் குரல்ல காலேஜுக்குப் போன் பண்ணி லீவு சொல்லச் சொன்னேன். மூணு தடவ. போதுமா?"

"என் குரல்லயா?"

"'எம் பொண்ணுக்கு வயித்துவலிங்க'ன்னு அச்சு அசல் உன்ன மாதிரியே சொல்லுச்சும்மா. கடைசில 'வெச்சர்றனுங்க'ன்னு வேற சொல்லுச்சு."

இன்னொரு நாளாக இருந்தால் அங்கே ஒரு யுத்தமே நடந்திருக்கும். சுகந்தி மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டைனிங் டேபிளுக்கு வந்தாள்.

"சம்மதம்னு சொல்லு."

"எதுக்குச் சம்மதம்? மாப்பிள்ளை பாத்திருக்கியா?"

"சொல்லுடி!"

"சம்மதம்" என்றாள் மிதுனா, லேப்டாப்பைப் பார்த்து.

"நன்றி. ஆனால் எனக்கு வேண்டிய குரல் இது அல்ல."

சுகந்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டு முடிப்பதற்குள், அடுத்த எண்ணம் வந்து நெஞ்சில் ஏறிக்கொண்டது. வீட்டில் மூன்று பேர். ஒருத்தி அவள். ஒருத்தி மிதுனா.

"அப்பாவா?" என்றாள் மிதுனா கண்கள் விரிய. "அப்பாவுக்கு ரகசியமா? அப்பாவுக்கு ஏடிஎம் நம்பரே ஞாபகம் இருக்காதேம்மா!"

"நீ உள்ள போ."

மிதுனா போகவில்லை. இந்த வீட்டில் இதுவரை நடந்த எதைவிடவும் இது சுவாரசியமாக இருந்தது.

பூபதி பெட்ரோல் போடுவதற்காக வெளியே போயிருந்தான். போன் அடித்தாள்.

"என்னங்க, நீங்க லேப்டாப்கிட்ட ஏதாச்சும் சொல்லி, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னீங்களா?"

அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க் இரைச்சல் மட்டும் கேட்டது.

"என்னங்க?"

"சொல்லிருச்சா அது?"

எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள்.

"சொல்லல. நீங்க வந்து சம்மதம் சொன்னாத்தான் அழியுமாம். சிவானந்தம் வீட்ல இருந்து நாலு மணிக்கு வர்றாங்க. என்னதுங்க அது? கடனா? இல்ல வேற யாராச்சுமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சுகந்தி. வர்றேன் இரு."

வைத்துவிட்டான்.

கால் மணி நேரத்தில் வர வேண்டியவன் முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். அதற்குள் சுகந்தி மனதுக்குள் அவனுக்கு இரண்டு கடன்காரர்களையும், பீளமேட்டில் ஒரு பெண்ணையும், டாக்டர் கைவிட்ட ஒரு வியாதியையும் கொடுத்துப் பார்த்துவிட்டாள். வியாதி வந்தபோது அழுகை வந்தது. பீளமேட்டுப் பெண் வந்தபோது அது நின்றுவிட்டது. லேப்டாப் தன் பாட்டுக்கு, 'சம்மதத்துக்காகக் காத்திருக்கிறேன்' என்று திரையில் ஒரு சின்ன வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தது. அந்த வட்டத்தைக் கையால் பிடித்து நிறுத்தலாம் போல இருந்தது அவளுக்கு.

பூபதி வந்து செருப்பைக் கழற்றி, ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்தான். முகம் கழுவினான். துண்டால் நிதானமாகத் துடைத்தான்.

"முகூர்த்த நேரமாங்க பாக்கறீங்க? வாங்க!"

அவன் வந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை.

"சம்மதம்" என்றான்.

"நன்றி. குரல் பொருந்துகிறது" என்றது லேப்டாப். "ஆனால் ஒரு விஷயம். நீங்கள் நம்பிச் சொன்னது, உரிமையாளர் செய்த ஒரு தேடலோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் அழிக்க முடியாது. இரண்டும் சேர்ந்துதான் போகும். உரிமையாளர் சம்மதமா?"

"எந்தத் தேடல்?" என்று சுகந்தி கேட்டது, வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது. அதற்குள் அது பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. கேட்டது ஓனர். அந்தத் தேடலைச் சொல்லாதே என்று அவள் அதனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"வீடு. ஓசூர். ஒரு தாய்க்கும் ஒரு மகளுக்கும்."

பூபதி தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தான்.

"ஓசூரா?" என்றாள் மிதுனா. "ஓசூர்ல நமக்கு யாரும்மா இருக்கா?"

"ஆபீஸ்ல..." சுகந்தி மேஜை விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டாள். "ஆபீஸ்ல ஒரு அக்காவுக்குப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபர் ஆச்சுன்னு..."

"யாரு? பேரு என்ன?"

சுகந்திக்கு உலகத்தில் ஒரு பெண் பெயரும் ஞாபகம் வரவில்லை.

"வளர்மதி" என்றான் பூபதி.

மேஜை விரிப்பில் கொட்டியிருந்த காப்பியை அவன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. "உங்கம்மா அப்பவே சொல்லியிருக்கா எங்கிட்ட. அந்தப் புள்ளைக்கும் ஒரே பொண்ணு. பாவம்."

சுகந்தியின் ஆபீஸில் வளர்மதி என்று யாரும் கிடையாது.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் காய்ந்துபோன கறையைத் திரும்பத் திரும்பத் துடைத்தான்.

நடந்தது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அந்த வாரத்தில் ஏதோ ஒரு மாலை, அவன் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க இங்கே உட்கார்ந்திருப்பான். குரலைக் கேட்காத லேப்டாப்புக்கு, தட்டுகிற விரல் எல்லாம் ஒரே ஆள்தான். 'ஓசூர் வீட்டுக்காரரிடம் பேசட்டுமா?' என்று கேட்டிருக்கும். அவன் எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தானோ. பிறகு வாயைத் திறந்து சொல்லியிருப்பான்: நான் பார்த்தேன்னு அவகிட்ட சொல்லாதே.

பால்குடம் எடுத்துக்கொண்டு மருதமலைப் படி ஏறியது ஞாபகம் வந்தது. பக்கத்தில் இவனும் ஏறினானே, பாவி. 'எதுக்கு இந்த வேண்டுதல்?' என்று ஒரு வார்த்தை கேட்டானா?

"உரிமையாளர் சம்மதமா?" என்றது லேப்டாப் மறுபடியும்.

"சம்மதம்" என்றாள்.

வட்டம் நின்றது. திரை கறுத்தது. கொஞ்ச நேரத்தில் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம், ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி, 'வணக்கம்! நீங்கள் யார்?' என்று கேட்டது. சுகந்தி மூடியைச் சாத்தினாள். சிவானந்தத்தின் மனைவி வந்தாள், மூடியைத் திறந்து பார்த்தாள், "பரவால்லயே, புதுசு மாதிரியே வெச்சிருக்கீங்க" என்றாள். எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரம் முழுக்க சுகந்திக்கு எரிச்சல். யாரிடம் காட்டுவது என்று தெரியாத எரிச்சல். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பூபதி நிற்பான். பையை வாங்கக் கை நீட்டுவான். மூன்று வருடமாக இப்படித்தான் நின்றான். வரவேற்க நின்றானா, இன்றைக்கும் திரும்பி வந்துவிட்டாளா என்று வேவு பார்க்க நின்றானா? பயத்தில் செய்தது அன்பாகுமா? மூன்று வருடம் விடாமல் செய்த பிறகும் அதைப் பயம் என்றே சொல்லலாமா? கேட்டால் ஓசூரைப் பற்றிப் பேச வேண்டும். பேசினால் காய்ச்சலைப் பற்றிப் பேச வேண்டும். அவள் பையைக் கொடுக்காமலேயே நடந்தாள். அவன் வெறுங்கையோடு பின்னால் வந்தான்.

"உங்களுக்குள்ள என்னம்மா சண்டை?" என்றாள் மிதுனா.

"சண்டை எல்லாம் ஒண்ணுமில்ல. நீ காலேஜுக்குப் போன் போடாம போய்ச் சேரு."

வெள்ளிக்கிழமை புது லேப்டாப் வந்தது. பூபதி அட்டைப்பெட்டியைப் பிரித்து, டைனிங் டேபிளில் பழையது இருந்த அதே இடத்தில் வைத்தான். அது எழுந்து, 'எத்தனை பேர் என்னைப் பயன்படுத்துவீர்கள்?' என்று கேட்டது.

பூபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"இந்தத் தடவ ஆளுக்கொரு லாகின் வெச்சுக்கலாம் சுகந்தி. உனக்குன்னு தனியா ஒண்ணு. பாஸ்வேர்ட் நீயே வெச்சுக்க. எங்கிட்ட சொல்ல வேண்டாம்."

"எதுக்கு?"

"உனக்கு ஏதாச்சும் தேடணும்னா..." நிறுத்தினான். "என்னத்தையாவது. எதுன்னாலும். நான் பாத்துருவேன்னு நீ யோசிக்க வேண்டியதில்ல பாரு."

அவன் விரல்கள் அட்டைப்பெட்டியின் பசை நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தன. சொல்லிவிட்டானே தவிர, முகம் வெளிறியிருந்தது. மூன்று வருடமாக அவன் காவல் காத்த கதவை அவனே திறந்து வைத்துவிட்டு, ஒதுங்கி நிற்கிறான் என்பது சுகந்திக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

அவள் ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். பழைய பாஸ்வேர்ட் சீட்டைக் கிழித்தாள். பேனாவை எடுத்துப் புதிதாக ஒன்று எழுதி, கேஸ் ஏஜென்சி எண்ணுக்குக் கீழே ஒட்டினாள்.

"ஒண்ணே போதும்" என்றாள்.

பூபதி பெட்டியை மடித்துப் பரணில் வைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டான். அவன் முதுகு மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

மறுநாள் சனிக்கிழமை, அவளுக்கு மட்டும் லீவு. மதியம் அவன் ஆபீஸிலும் மிதுனா காலேஜிலும் இருந்தபோது, சுகந்தி லேப்டாப்பின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு விஷயம்" என்றாள்.

"சொல்லுங்கள்."

"எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை அரிசிம்பருப்புச் சாதம் பண்றார். அதுல பூண்டு வேகறதே இல்ல. முழுசு முழுசா, பச்சையா கெடக்குது. மூணு வருஷமா நானும் மென்னு முழுங்கிட்டு இருக்கறேன். முதல்ல பூண்ட எண்ணெயில நல்லா வதக்கணும்னு அந்த மனுஷனுக்கு யார் சொல்றது?"

புது லேப்டாப்புக்குச் சட்டம் மனப்பாடம்.

"இதை யாரிடமும் சொல்லக் கூடாதா?"

"நான் அப்படிச் சொல்லலையே" என்றாள் சுகந்தி. மூடியைச் சாத்தினாள்.

அன்று ராத்திரி பூபதி கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குள் வழக்கத்தைவிட அதிக நேரம் கரண்டிச் சத்தம் கேட்டது. பூபதி குக்கரைத் தூக்கி வந்து மேஜையில் வைத்து, அவள் தட்டில் பரிமாறினான். மேலே நெய் விட்டான். பிறகு உட்காராமல், ஃப்ரிட்ஜைத் துடைக்கிற பாவனையில் பக்கத்திலேயே நின்றான்.

சுகந்தி ஒரு வாய் எடுத்து வைத்தாள். நாக்கால் தேடினாள்.

"பூண்டே போடலீங்களா?"

"போட்டிருக்குது" என்றான் பூபதி, ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி. "குழைஞ்சிருச்சாட்டம் தெரியுது."

அவள் தட்டை அவன் பக்கம் நீட்டினாள்.

"இன்னொரு கரண்டி போடுங்க."